பசியாவரத்துக்கு வழி கேட்டால்



சென்னைப் புறநகரில் மனை வாங்கப் போகிறவர்களும் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்களும் தரகரிடம் தவறாமல் மூன்று கேள்வி கேட்பார்கள். பக்கத்தில் பார்க் இருக்கிறதா? கடை கண்ணி எவ்வளவு தூரம்? ஆட்டோக்காரரிடம் அடையாளம் சொல்ல என்ன இருக்கிறது? மூன்றும் நியாயமான கேள்விகள். பிள்ளைகள் ஓடியாட ஓர் இடம், அவசரத்துக்கு உப்பு புளி வாங்க ஓர் இடம், இருட்டிலும் வழி தவறாமல் வீடு வந்து சேர ஓர் அடையாளம். குடியிருப்பு என்றால் இவை வேண்டும்தானே.

இதே மூன்று கேள்வியையும் இன்று ஒரு மீனவ ஊரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காடு பஸ். வயல்வெளி முடிந்து, மரங்கள் குட்டையாகி, காற்றில் உப்பு ஏறத் தொடங்கும்போது ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். பஸ் போகிற சாலை பழவேற்காடு ஏரிக்கரையில் போய் முடிகிறது. அந்த ஏரிக்குள், தண்ணீர் சூழ்ந்த மண்திட்டில் இருக்கிறது பசியாவரம்.

என்ன அழகான பெயர் பாருங்கள். பிரித்துப் படித்தால், பசியா வரம். பசிக்காமல் இருக்க வாங்கிய வரம். பல்லவபுரம் பல்லாவரம் ஆனதுபோல இங்கும் ஏதோ ஒரு 'புரம்'தான் 'வரம்' ஆகியிருக்கலாம் என்று சொல்லிவிடலாம். எனக்கென்னவோ அப்படி விட்டுவிட மனமில்லை. ஏரியில் இறங்கினால் கஞ்சிக்கு ஏதாவது கிடைக்கும் என்று நம்பி வாழ்கிற மக்களின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

நான் முதலில் அங்கே போனது, கரையிலிருந்து பசியாவரத்துக்குப் பாலம் கட்டுகிற வேலை தொடங்குவதற்கு முன்பு. படகில்தான் போனேன். பசியாவரம், இடமணி, சாட்டன்குப்பம், ரஹ்மத் நகர் என்று ஏரிக்குள் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் படகுதான் அப்போது பஸ், ஆட்டோ, ஆம்புலன்ஸ். காலையில் சீருடை போட்ட பிள்ளைகள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்த காட்சி என் கண்ணிலேயே நிற்கிறது. பாலம் வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் ஏன் இத்தனை காலம் கேட்டார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் என்ன செய்வது என்பதை நினைத்தாலே போதும்.

முதலில் அடையாளங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் தேடிப் போவது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை. வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும். உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். டச்சு மொழியில் வெட்டிய எழுத்து இன்னும் கூர் மழுங்காமல் இருக்கிறது. யார், எந்தப் பதவியில் இருந்தார், என்றைக்கு இறந்தார் என்றெல்லாம் பொறித்திருக்கிறார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அடித்தளம் போடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பழவேற்காடு உலக வரைபடத்தில் இருந்தது. கோட்டை இருந்த இடத்தில் இப்போது முள்ளும் புதரும் மண்டிக் கிடக்கின்றன.

இங்கிருந்து போன கட்டம் போட்ட துணி தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் 'பெலிகாட்' என்றுதான் பெயர். பழவேற்காட்டின் ஆங்கிலப் பெயர் புலிகாட்; அதுதான் பெலிகாட். கோலாலம்பூரில் ஒரு கடைக்காரர் அந்தத் துணியை விரித்துக் காட்டும்போது, இந்த ஏரிக்கரையின் பெயரைத்தான் சொல்கிறார்.

துணி மட்டும் போகவில்லை. பஞ்சம் வந்த காலங்களில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட மனிதர்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்கு அடிமைகளாகப் போனார்கள். பசியாவரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற அதே தண்ணீர் வழியாகத்தான் பசி அவர்களைக் கொண்டுபோனது. அவர்களுடைய பெயரைக் கல்லில் வெட்ட ஆள் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான் வரும்.

கல்லறைத் தோட்ட வாசலில் இந்தியத் தொல்லியல் துறையின் பலகை இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை. அப்படி அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஊர்க்காரர்களின் அடையாளங்கள் வேறு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னைப் படகில் கூட்டிப்போன பெரியவர். "நீ கரையில நின்னு பாக்குற. நாங்க தண்ணியில நின்னு பாக்குறோம்மா. ரெண்டும் ஒண்ணா?" என்றார். அவருக்கு மகிமை மாதா கோயில் கும்பிடுகிற இடம் மட்டுமில்லை. போர்ச்சுகீசியர் காலத்தில், 1515-இல் உண்டானது என்று சொல்லப்படுகிற தேவாலயம் அது. பள்ளிவாசல் மினார், பெருமாள் கோயில், கரையில் உயர்ந்து நிற்கிற ஒற்றைப் பனை, கலங்கரை விளக்கம் எல்லாமே அவருக்குத் திசை காட்டிகள். தண்ணீரில் நிற்கும்போது இரண்டு அடையாளம் ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் வந்தால் படகு எங்கே நிற்கிறது என்று தெரியும். மினாரும் அந்தப் பனையும் ஒன்றாகத் தெரிந்தால் கீழே சேறு; கொஞ்சம் விலகினால் மணல்; இன்னும் விலகினால் நீரோட்டம் இழுக்கும். எந்த மதத்துக் கோபுரம் என்று தண்ணீர் பார்ப்பதில்லை. ஒரு மரத்தை வெட்டிவிட்டாலோ, ஒரு கட்டடம் எழும்பிக் கோபுரத்தை மறைத்துவிட்டாலோ படகுக்காரருக்கு ஒரு வழிகாட்டிப் பலகை விழுந்த மாதிரி.

சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க ஒரு சூரிய கடிகாரம் இருக்கிறது. போகிறவர்கள் அனுமதி கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தப் பகுதி முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பின்னுகிற பெட்டிகளையும் பாருங்கள். சாயமேற்றிய ஓலையில் விரல் நுழையாத நெருக்கத்தில் பின்னியிருப்பார்கள்.

இனி கடைகள்.

பசியாவரத்தில் நான் பார்த்த கடைகள் பெட்டிக்கடைகள்தான். பிஸ்கட், பீடி, தீப்பெட்டி, சாஷே ஷாம்பு, கூடவே வலை நூலும் தூண்டில் முள்ளும். ஆனால் அந்த ஊரின் பெரிய கடைவீதி தண்ணீருக்கு இந்தப் பக்கம், பழவேற்காட்டுப் படகுத்துறையில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே டீக்கடை பாய்லர் கொதிக்கத் தொடங்கிவிடும். படகு ஒவ்வொன்றாகக் கரை சேரும். மடவை, கெளங்கான், கொடுவா, இறால், நண்டு. தரையில் கொட்டிக் கூறு கட்டுவார்கள். ஏலம் விடுகிறவர் குரல் ஏறிக்கொண்டே போகும். ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவர் இழுக்கிற அந்த ஒரு நொடியில் சுற்றியிருக்கிற பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். கையில் இருக்கிற காசு, பொன்னேரி பஸ் வருகிற நேரம், நேற்று விற்காமல் மிஞ்சியது, வீட்டில் வாங்கிக் கொடுக்க வேண்டிய மருந்து என்று எல்லாக் கணக்கும் அந்த நொடிக்குள் முடிந்துவிடும்.

நண்டு வாங்குகிற இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். பழவேற்காட்டுப் பச்சை நண்டுக்குச் சிங்கப்பூர் வரைக்கும் கிராக்கி உண்டு. உயிரோடு போக வேண்டும் என்பதால் பிடித்ததுமே கொடுக்கு இரண்டையும் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் ஒன்றையொன்று உடைத்துக்கொள்ளும். எடை போடுகிற அம்மா ஒவ்வொரு நண்டாக எடுத்துத் திருப்பி, அடிப்பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் அமுங்காமல் இருந்தால் சதைப்பிடிப்பு உள்ளது. அமுங்கினால் அது தண்ணி நண்டு. அண்மையில்தான் ஓடு கழற்றியிருக்கிறது, உள்ளே சதை சேரவில்லை. "இது இன்னும் பத்து நாள் ஏரியில கெடந்திருந்தா நல்ல காசு, கண்ணு" என்று சொல்லிக்கொண்டே ஒன்றை ஓரமாகப் போட்டார். கொடுக்கு ஒடிந்தவை இன்னொரு கூடைக்குப் போயின. பிடித்து வந்த இளைஞர் எதுவும் பேசவில்லை. பேச முடியாது. வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் பிடித்ததைக் கொடுக்க வேண்டும் என்பது இந்தக் கரைகளில் பல இடங்களில் உள்ள நடைமுறை. அவர் சொல்கிற விலைதான் விலை.

சிங்கப்பூர்ச் சாப்பாட்டு மேஜைக்கு அந்த நண்டு போய்ச் சேரும்போது என்ன விலையோ, எனக்குத் தெரிந்தது இந்தக் கரையில் ஓரமாகப் போடப்பட்ட நண்டைத் திரும்ப எடுத்துக் குழம்புக்கு வைத்துக்கொண்ட அந்த இளைஞரின் கை மட்டும்தான்.

இந்தத் துறையில் இன்னொரு நினைவும் உண்டு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. தடையை மீறி அழைத்தால் ஏறாதீர்கள், நேயர்களே. நீங்களாகக் கேட்டும் வற்புறுத்தாதீர்கள்.

மூன்றாவது கேள்வி, பார்க்.

பசியாவரத்தில் நான் தேடிய பூங்கா, நான் நின்றிருந்த இடம்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வீடுகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மணல்வெளி. ஓரத்தில் ஒரு மரம். மரத்தடியில் நாலு பேர் கால் நீட்டி உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். பொத்துவது என்றால் கிழிசலைத் தைப்பது. கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றிய ஊசியைக் கண்ணிக்குள் விட்டு எடுத்து முடிச்சுப் போடுகிறார்கள். கண்ணி ஒவ்வொன்றும் ஒரே அளவு. அளவுகோல் கிடையாது, விரல்தான் அளவு. நண்டு சிக்கினால் கொடுக்கால் வலையைக் கத்தரித்துவிடும். அதனால் ஒரு நாள் பிடிப்புக்கு அரை நாள் தையல். பக்கத்தில் ஒரு பாட்டி கருவாட்டைப் புரட்டிக்கொண்டே காக்கை ஓட்டினார். கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் மேல் பிள்ளைகள் ஏறி வழுக்கி விழுந்து சிரித்தார்கள். சறுக்குமரம் அதுதான். ஊர்க் கூட்டம் நடப்பதும், திருவிழாவுக்குப் பந்தல் போடுவதும், 2004 சுனாமி மாதிரி ஏதாவது வந்தால் எல்லோரும் ஒருவரையொருவர் தேடி வந்து நிற்பதும் இப்படிப்பட்ட வெளியில்தான்.

அரசுப் பதிவேட்டில் இந்த மாதிரி இடங்களுக்கு ஒரு சொல் உண்டு. புறம்போக்கு. தனியார் யாருக்கும் சொந்தமில்லாத பொது நிலம் என்பது அதன் பொருள். நாளடைவில் அது வசவுச் சொல்லாகிவிட்டது. கரையோரத்துப் பொதுவெளி முழுக்க இந்தச் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் மணல். 'காலி இடம்தானே' என்பார்கள். காலையில் ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால் காலியாகத்தான் இருக்கும். ஐந்து மணிக்கு வந்திருக்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். மேலே பார்த்தால் ஒரே பரப்பு. இந்தியாவில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. மழைக்காலத்தில் 450 சதுர கிலோமீட்டர் வரை விரியும், கோடையில் 250-ஆகச் சுருங்கும். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழம் இல்லை. ஆனால் அந்தப் பரப்புக்குள் மீனவர்கள் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத கோடு. 'பாடு' என்று அதற்குப் பெயர். எந்த நாளில் எந்த ஊர், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்கிற ஏற்பாடு. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பாடு முறையை வெளிநாட்டு ஆய்வாளர்களும் வந்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதில் ஒரு குறையும் உண்டு, மறைக்கக்கூடாது. பாடு உரிமை பிறப்பால் வருவது. அது இல்லாதவர்கள் வெளியே நிற்க வேண்டியிருந்தது. இருளர் சமூகத்துப் பெண்கள் வலையே இல்லாமல், கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டே, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதை இந்தப் பக்கத்து நீர்நிலைகளில் பார்த்திருக்கிறேன். ஓலைக் கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள். பிடித்த இறாலைக் கூடையில் போட மட்டும் கை மேலே வரும். மணிக்கணக்காக. அவர்கள் விரல் நுனியில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. ஏரி எல்லோருக்கும் பொது என்று சொல்லும்போது அந்த விரல்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்கும் உயிர்நாடி முகத்துவாரம். ஏரியும் கடலும் சந்திக்கிற வாய். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு இந்த வாய் வழியாக ஏரிக்குள் வந்து, சேற்றிலும் பாசியிலும் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். வாய் மணல் மூடிவிட்டால் குஞ்சு வராது. கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும், மீன் சாகும். கடலுக்குப் போகிற படகும் அடி தட்டிக் கவிழும். முகத்துவாரம் அடைபடுகிறது, நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்று இந்த ஊர்கள் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறையே போயிருக்கிறது. கரையோரம் துறைமுகம் போன்ற பெரிய கட்டுமானங்கள் வரும்போது மணல் நகர்கிற போக்கு மாறும் என்பதால்தான், தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை அவர்கள் இவ்வளவு உறுதியாக எதிர்த்தார்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாட்களில் கடலுக்குப் போகக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. நாமெல்லாம் கைதட்டிப் பார்க்கிற அந்த நாள், அவர்களுக்கு வருமானம் இல்லாத நாள்.

நான் முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன சட்டத்துக்கு வருகிறேன். கல்லறையைச் சுற்றி 100 மீட்டர். உயிரோடு இருக்கிறவர்களின் இடத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்று 2011-இல் ஒன்று, பிறகு 2019-இல் ஒன்று மத்திய அரசு வெளியிட்டது. கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் தயாரிக்கும்போது மீனவ ஊர்களையும், அவர்களுடைய பொது இடங்களையும், படகுத்துறை, மீன் காயவைக்கும் இடம், ஐஸ் ஆலை, பள்ளிக்கூடம், மருந்தகம், சாலை எல்லாவற்றையும் குறிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பார்க், கடை, அடையாளம் என்று நாம் கேட்ட அதே கேள்விகள்! ஆனால் 2023-இல் தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்கள் மக்கள் கருத்துக்கு வந்தபோது, எங்கள் இடங்களைக் காணவில்லையே என்று கரை நெடுகிலும் மீனவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள்.

வரைபடத்தில் இல்லாத இடத்தை நாளைக்கு ஒருவர் காலி இடம் என்று சொன்னால் மறுக்கக் காகிதம் இருக்காது. அதனால் பழவேற்காட்டுக்கு அருகில் இருக்கிற கல்லூரி மாணவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும் என்னுடைய வேண்டுகோள் ஒன்று. விடுமுறையில் ஒரு வாரம் இந்த ஊர்களுக்குப் போங்கள். போனில் வரைபடம் திறக்கத் தெரிந்த பிள்ளைகளும், தண்ணீரின் பெயர் தெரிந்த பெரியவர்களும் சேர்ந்து உட்காருங்கள். வலை பொத்துகிற மரம் எது, கருவாடு காயவைக்கிற மேடு எது, இருளர் பெண்கள் இறங்குகிற துறை எது, எந்த நேர்க்கோட்டில் சேறு, எந்த நேர்க்கோட்டில் மணல் என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, தவறைத் திருத்தி, கையெழுத்து வாங்கி, மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள்.

அன்றைக்குத் திரும்பும்போது பெரியவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளிக்கொண்டு வந்தார். ஆழம் குறைவான இடம். தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்று தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. "இந்த எடத்துக்கு என்ன பேருங்கய்யா?" என்று கேட்டேன். சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டேன். அதற்கு வேறு பெயர் சொன்னார். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். கரை சேர்வதற்குள் ஒன்பது பெயர் எழுதியிருந்தேன். படகு மணலில் உரசி நின்றதும் நோட்டை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் வரிகளை விரலால் எண்ணிப் பார்த்தார். "பாதிகூட வரலம்மா. நாளைக்கு விடிகாலையில வா. வடக்கால போலாம்."